பூட்டிக் கிடக்கும் குஸ்திக் கொட்டகை

விடியுமுன்னே ஏரலில் கிளம்பி, மாட்டு வண்டியில் இடுப்பு ஒடிய வண்ணார்பேட்டை வந்து சேர்கிறேன். என் மச்சானுக்கு இன்று சாயங்காலம் குஸ்தி. புது ஓட்டுக் கொட்டகையில்தான் நடக்கும் என்று நோட்டீசில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். வந்து பார்த்தால் கதவில் பூட்டுத் தொங்குகிறது. மச்சான் வெட்டவெளியில், வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்குப் போட்ட பெஞ்சுகளுக்கு நடுவில், லங்கோட்டோடு தொடை தட்டிக்கொண்டு நிற்கிறான். வானம் கறுத்துக்கொண்டு வருகிறது.

காவல்காரரைப் பிடித்துக் கேட்கிறேன். "எதுக்குவே இந்தக் கொட்டகையக் கெட்டுனிய?"

"மழையில கோதா மண்ணு கரைஞ்சு போவுதுன்னுதான் அண்ணாச்சி."

"பொறவு ஏன் பூட்டிக் கெடக்கு?"

"உள்ள மண்ணுல நல்லெண்ணெய், மோரு, மஞ்சப்பொடி எல்லாம் போட்டுப் பக்குவம் பண்ணி வச்சிருக்கு. கலெக்டர் துரை வந்து தொறந்து வைக்கணும். அதுவரைக்கும் கோதாவுல ஒருத்தன் கால் படக்கூடாதுன்னு பெரியவுக உத்தரவு."

மூன்று வருஷமாகத் துரை வரவில்லையாம். இதற்கிடையில் கொட்டகைக்குள் கோதாவை மட்டும் விட்டுவிட்டு, சுற்றியுள்ள இடத்தில் நாடகம் நடந்திருக்கிறது, கல்யாணப் பந்தி நடந்திருக்கிறது, ஜெபக்கூட்டம் நடந்திருக்கிறது. ஐப்பசியில் யாரோ ஈர நெல்லைக்கூடப் பரப்பியிருக்கிறார்கள். குஸ்தி ஒன்றுதான் நடக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எதிராளி மச்சானின் கழுத்தில் கைபோடுகிற நேரம் மழை கொட்டுகிறது. காவல்காரர் ஓடிப்போய்ப் பூட்டைத் திறக்கிறார். அப்பாடா என்று நானும் பின்னாலேயே ஓடுகிறேன்.

"ஓரம் போங்க அண்ணாச்சி, பெஞ்சி நனையுது!"

பெஞ்சுகளையெல்லாம் உள்ளே அடுக்கிவிட்டு, கதவை மறுபடியும் பூட்டுகிறார்.