துர்க்கையின் எலுமிச்சம்பழமும் துரைசானியின் டார்ட்டும்

எனக்கு அப்போது ஏழு வயதிருக்கும். அப்பா கோயிலில் குருக்கள். துர்க்கைக்குச் சாத்திய எலுமிச்சம்பழ மாலைகளில் அவர் பங்கு செவ்வாய்தோறும் வீட்டுக்கு வந்துவிடும். ஊறுகாய் போட்டும் சாதம் கலந்தும் சலித்துப்போன அம்மா, மிஞ்சியதை என்னிடம் கொடுத்து எதிர்வீட்டு மாடியிலிருந்த துரைசானிக்கு அனுப்புவாள். ஊர் ஆசிரமத்துக்கு என்று சீமையிலிருந்து வந்தவள், அங்கே அறை கிடைக்காமல் எங்கள் தெருவிலேயே தங்கிவிட்டாள்.

அந்த வருஷம் அக்கா முதல் பிள்ளை உண்டாகி வந்திருந்தாள். சாதாரண மசக்கை இல்லை. கஞ்சியோ மோரோ நார்த்தங்காயோ, எது உள்ளே போனாலும் திரும்பி வந்துவிடும். கன்னம் ஒட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். இப்படியே போனால் வேலூர் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அம்மா யாருக்கும் தெரியாமல் அடுக்களையில் அழுதாள், எல்லோருக்கும் தெரிந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை நான் பழம் கொண்டுபோனபோது துரைசானி சமையலில் இருந்தாள். என் கண்ணெதிரே இரண்டு முட்டையை உடைத்து, எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் வெண்ணெயும் சேர்த்துக் கிண்டினாள். கெட்டியானதும் மைதாவில் சுட்டு வைத்திருந்த சின்னக் கிண்ணங்களில் ஊற்றினாள். பெயர் டார்ட் என்றாள். அக்கா வாந்தியெடுப்பது எதிர் மாடிவரை கேட்குமே, அவளுக்கென்று சைகை காட்டி இரண்டை வாழையிலையில் வைத்துக் கொடுத்தாள். முட்டை தின்பது பாவம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. அந்தப் பேச்சையே எங்கள் வீட்டில் எடுப்பதில்லை.

அம்மாவிடம் காட்டுவதற்குள் அக்கா வாசனை பிடித்து வந்துவிட்டாள். நின்றபடியே ஒன்றைத் தின்றாள். அடுத்ததையும் தின்றாள். அம்மா வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஒன்றும் வெளியே வரவில்லை. அக்கா உட்கார்ந்து, "இன்னும் இருக்காடி?" என்றாள். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

உச்சிக்கால பூஜை முடிந்து அப்பா வந்தார். கல்யாண வீட்டு லட்டைக்கூட யார் பிடித்தது, எந்த அடுப்பு, என்ன நெய் என்று கேட்காமல் வாசல் தாண்ட விடமாட்டார் அவர். அம்மா பயந்துகொண்டே விஷயத்தைச் சொன்னாள். அப்பா வெறும் இலையைப் பார்த்தார். அப்புறம் அக்காவைப் பார்த்தார்.

"அப்பா, அதுல என்னென்ன போட்டிருக்குன்னு எனக்குத் தெரியுமே!" என்றேன் பெருமையாக.

"உன்னை யாருடி கேட்டா?" என்றார். பிறகு அம்மாவிடம், "பழம்தான் ஜாஸ்தி கிடக்கே. நாளைக்கும் குடுத்தனுப்பு."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. லட்டுக்கு அத்தனை கேள்வி கேட்கிறவர், பதில் தெரிந்தவள் ஒருத்தி எதிரே நிற்கும்போது இதற்கு ஒன்றுகூடக் கேட்கவில்லையே என்று அவர்மேல் கோபம்.

அக்கா வேலூருக்குப் போகவில்லை. டார்ட் வந்துகொண்டிருந்தது. அது வந்த நாட்களிலெல்லாம், சாயங்கால பூஜைக்குக் கிளம்புமுன் அப்பா கிணற்றடியில் நின்று, ஏதோ முணுமுணுத்தபடி குடம் குடமாகத் தலையில் ஊற்றிக்கொள்வார். மார்கழி பிறந்தும் விடவில்லை. குளிரில் பல் கிட்டிப்போகும். பாவம், அப்பாவுக்கு உடம்புச் சூடு போலிருக்கிறது என்று நானும் தண்ணீர் இறைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.