கடைசிப் பக்கங்கள் இல்லாத மூன்றாம் பாகம்

சுவீடன் நாட்டு எழுத்தாளர் ஒருவர்மீது எனக்குத் தனிப்பட்ட கோபம் உண்டு. அவர் எழுதிய மூன்று துப்பறியும் நாவல்களையும் போரின் கடைசி வருடங்களில், கொழும்பு வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஒரு வீட்டின் பின்பக்கம் வாடகைக்கு எடுத்த அனெக்ஸில் இருந்து ஆங்கில மொழிபெயர்ப்பில் வாசித்தேன். முதலிரண்டையும் வாசித்தபோது அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினேன். மூன்றாவதை வாசித்த பிறகு அவர் மட்டும் எங்கள் ஒழுங்கை முனையிலிருக்கும் காலி வீதியில் எதிர்ப்பட்டிருந்தால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

அனெக்ஸில் அப்போது அம்மாவும் நானும் மட்டும்தான். அதற்கு முந்தைய வருடம் வரை தம்பியும் இருந்தான். ஒரு பின்னேரம் போனுக்குக் கார்ட் வாங்கி வருகிறேன் என்று சந்திக் கடைக்குப் போனவன் திரும்பி வரவில்லை. அவனை வெள்ளை வான் ஒன்றில் ஏற்றியதைக் கண்டதாகக் கடைக்காரர் முதலில் சொன்னார். மறுநாள் போய்க் கேட்டபோது தான் ஒன்றையும் காணவில்லை என்றார். பொலிஸ், அமைச்சரின் அலுவலகம், கோயில், சாத்திரக்காரர் என்று நாங்கள் ஏறாத படி இல்லை. யாரோ ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது, தெரிந்தவர் வாயைத் திறக்கிறார் இல்லை என்பது மட்டும்தான் எங்களுக்கு விளங்கியது.

நான் பம்பலப்பிட்டியில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்தேன். பின்னேரம் பஸ்ஸால் இறங்கி வீட்டுக்கு வந்தால் அம்மாவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருப்போம். தம்பியைப் பற்றிக் கதைத்தால் அம்மா அழுவார். கதைக்காவிட்டால் வேறு கதையும் இல்லை. அதனால்தான் மருதானை நடைபாதையில் பழைய புத்தகம் விற்பவரிடம் அந்த முதற் பாகத்தை வாங்கினேன். பின்னேரங்களில் முகத்துக்கு முன்னால் பிடிக்க ஏதாவது ஒன்று வேண்டும், அவ்வளவுதான்.

முதற் பாகத்தின் முதல் பக்கத்திலேயே ஒரு பொடியன் சைக்கிளில் கடைக்குப் போகிறான். சைக்கிள் மட்டும் படகுத்துறையில் சாய்த்து வைத்தபடி கிடைக்கிறது. ஆளைக் காணவில்லை. அவனைத் தேடுகிறவள் நடுத்தர வயதுப் பொலிஸ்காரி ஒருத்தி. விவாகரத்தானவள், நித்திரை கொள்வதே இல்லை. இதைப் போய் நான் வாங்கியிருக்கிறேனே என்று புத்தகத்தை மூடினேன். மூடிவிட்டுத் திரும்பவும் திறந்தேன்.

அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. நான் வாசித்துக்கொண்டே முணுமுணுப்பதைக் கண்டு ஒருநாள் என்னவென்று கேட்டார். பொடியனை விட்டுவிட்டு மிச்சக் கதையைச் சொல்லலாம் என்றுதான் தொடங்கினேன். அம்மாவா விடுகிறவர். குறுக்கே குறுக்கே கேட்டுப் பொடியனை வெளியே எடுத்துவிட்டார். அன்றையிலிருந்து நான் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேள்வி வரும். காலால் பலகையை மிதித்து அரிவாளில் பயிற்றங்காய் வெட்டிக்கொண்டு அம்மா கதை கேட்பார். பொலிஸ்காரி சமைப்பதே இல்லை என்பதில் அம்மாவுக்குப் பெரிய மனக்குறை. மூன்று நேரமும் பாணும் கோப்பியுமாக இருந்தால் மூளை எப்படி வேலை செய்யும், பொடியன் எப்படிக் கிடைப்பான் என்பார். பொடியனின் தாய் கிழமைக்கு ஒருமுறை பொலிஸுக்குப் போய் நடையில் கிடக்கும் கதிரையில் உட்கார்ந்திருப்பாள். அவள் வரும் இடங்களில் மட்டும் அம்மாவுக்கு அரிவாளில் கை நின்றுவிடும்.

இரண்டாம் பாகத்தை என்னோடு வேலை செய்த சிங்களப் பெண் ஒருத்தி தந்தாள். அவளுக்கும் இந்தப் பைத்தியம் பிடித்திருந்தது. அதில் வேறு மூன்று கொலைகளைக் கண்டுபிடித்தார்கள். பொடியனைக் கண்டுபிடிக்கவில்லை. கடைசிப் பக்கத்தில் பொலிஸ்காரிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வருகிறது, அவன் உயிரோடு இருக்கிறான் என்று யாரோ சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார்கள். அதோடு புத்தகம் முடிந்தது. அம்மா அன்று சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாவது புத்தகம் எப்போது வரும் என்று கேட்டார். அதற்குப் பிறகு நாளும் பொழுதும் அதே கேள்விதான், ஏதோ நான்தான் எழுதிக் கொடுக்கவேண்டும் என்பதுபோல.

மூன்றாம் பாகம் லண்டனிலிருந்து ஒரு கலியாணத்துக்கு வந்த மச்சாளின் கைப்பையில், சொக்லேட்டுகளுக்கு நடுவில் வந்து சேர்ந்தது. இறுதியில் உண்மை வெளிவருகிறது என்று பின்னட்டையில் போட்டிருந்தது. அதை நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

அந்தப் புத்தகம் என் உயிரை வாங்கியது. செங்கல் தடிப்பு. முதலிரண்டு புத்தகமும் விற்றுத் தீர்ந்த திமிர் பக்கத்துக்குப் பக்கம் தெரிந்தது. படகு இயந்திரத்தை எப்படிக் கழற்றிப் பூட்டுவது என்று ஓர் அத்தியாயம். பொலிஸ்காரியின் முன்னாள் புருசன் புதிதாகக் கட்டும் வீட்டுக்கு ஜன்னல் தெரிவு செய்வது ஓர் அத்தியாயம். பனி, பனி, மேலும் பனி. நாங்கள் இங்கே பின்னேரம் ஐந்து மணிக்கும் மின்விசிறியைக் கும்பிட்டுக்கொண்டு இருக்கிறோம். பொடியனின் கதை எப்போதாவது ஒரு பந்தி வரும், பிறகு காணாமல் போய்விடும். கலியாணத்துக்கென்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்த உறவுகளில் மூன்று பேர் எங்கள் அனெக்ஸிலேயே தங்கினார்கள். வாசிக்கக் கதிரையும் இல்லை, வெளிச்சமும் இல்லை. அம்மாவோ அடுப்படியிலிருந்து ஒரே கேள்வி: "அந்தப் பொடியன்ர கதை வந்ததே?" இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கே என்மீது வெறுப்பு வந்தது.

ஒருவழியாக உறவுகள் ஊருக்குப் போனார்கள். கதையும் சூடு பிடித்தது. பொடியன் ஒரு தீவில் இருக்கலாம் என்று துப்புக் கிடைத்தது. கடைசி ஐம்பது பக்கமளவில்தான் மிச்சம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, நிம்மதியாக, அம்மாவைப் பக்கத்தில் இருத்தி வைத்து, வரி வரியாகச் சொல்லி முடிக்கலாம் என்று வைத்திருந்தேன்.

ஞாயிறு காலை நான் பின்முற்றத்துப் பைப்பில் குளித்துக்கொண்டிருக்கும்போது மேல்மாடி வீட்டுக்கார அன்ரி, ஒழுங்கையின் இரண்டு முனையிலும் ஆமி நிற்கிறது, செக்கிங் வருகிறது என்று கூப்பிட்டுச் சொன்னார். செக்கிங் என்றால் தமிழ் வீடுகளில் முதலில் நடப்பது துப்புரவு வேலை. சண்டை நடக்கும் வன்னியிலிருந்து வந்த படங்கள், பழைய விளையாட்டுப் போட்டிச் சான்றிதழ்கள், பிள்ளைகளின் பூமிசாத்திர அட்லஸ், எது எவருடைய கண்ணில் எப்படிப் படும் என்று சொல்லமுடியாத எல்லாம் போகவேண்டும். பற்றவைத்தால் புகை வரும். அதனால் துண்டு துண்டாகக் கிழித்து, கக்கூஸ் கொமட்டுக்குள் போட்டு, வாளியால் தண்ணீர் ஊற்றிவிடுவது வழக்கம்.

நான் ஈரத்தலையோடு வந்தபோது அம்மா அந்த வேலையை முடித்துவிட்டு வாளியைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தார். மேசையில் மூன்றாம் பாகம் கிடந்தது. பின்னட்டை பிய்ந்து, முதுகில் நூல் தொங்கியது.

கதை நடக்கும் துறைமுகத்தின் வரைபடம் அந்தப் புத்தகத்தின் கடைசியில் மடித்து ஒட்டப்பட்டிருந்தது. கப்பல் நிற்கும் இடம், கடற்படைக் கொட்டகை, தீவுக்குப் போகும் வழி, எல்லாவற்றுக்கும் அம்புக்குறி. சுவீடனில் அது அலங்காரம். கொழும்பில், தமிழ் வீட்டு மேசையில், அது வேறு சாமான். அம்மா படத்தை மட்டும் கிழிக்கப் பார்த்திருக்கிறார். பசை விடவில்லை. பிடித்து இழுத்ததில் கடைசிப் பக்கங்கள் ஒரு கொத்தாகக் கையோடு வந்திருக்கின்றன. நேரமில்லை, எல்லாவற்றையும் சேர்த்துக் கிழித்துப் போட்டுவிட்டார்.

எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. வாயில் வந்ததை எல்லாம் கேட்டேன். இரண்டு வருடமாக இந்த முடிவுக்கு என் உயிரை எடுத்தது நீங்கள்தானே, இப்போது உங்கள் கையாலேயே கொமட்டுக்குள் போட்டுவிட்டீர்களே என்று கத்தினேன். அம்மா வாளியின் கைப்பிடியை விடாமல் நின்றார்.

"துறைமுகப் படம் பிள்ளை. உன்னையும் கொண்டு போனா நான் எங்க போய்த் தேடுறது?"

அப்போதும் கோபம் போகவில்லை. அதுதான் அந்த நாட்களின் கொடுமை, கோபத்தை வைக்க ஓர் இடம் கிடைக்காது. அம்மாவில் வைக்க முடியாது. ஆமியில் வைக்க முடியாது. மேசையில் கிடந்த குறைப் புத்தகத்தை எடுத்துக் கட்டிலில் எறிந்தேன்.

வந்த அதிகாரி இளைஞர். அலுமாரி, கட்டிலடி எல்லாம் பார்த்துவிட்டு அந்தப் புத்தகத்தைத்தான் எடுத்தார். படம் இருந்திருந்தால் என்ன நடந்திருக்குமோ தெரியாது. படம் இல்லாததும் பிரச்சினையாகத்தான் இருந்தது. மிச்சப் பக்கங்கள் எங்கே நங்கி என்று, தங்கையைக் கூப்பிடுவதுபோல, சிங்களத்தில் கேட்டார். பழைய புத்தகம், வாங்கும்போதே இப்படித்தான் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தவர், முடிவில்லாத துப்பறியும் கதையை வாசித்து என்ன பிரயோசனம் என்றார். சீருடை போட்ட ஒருவரோடு நான் முழுமனதாக ஒத்துப்போனது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான்.

அவர் போகத் திரும்பியபோது அம்மா வழக்கம்போல் தம்பியின் படத்தை நீட்டினார். சீருடையில் எவர் வந்தாலும் நீட்டுவார். அதை மட்டும் எந்தச் செக்கிங்குக்கும் அவர் ஒளித்து வைத்ததில்லை. அதிகாரி படத்தை வாங்கி, பார்த்து, திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு முடிவைத் தேடி நான் பட்ட பாடு இருக்கிறதே. லண்டன் மச்சாளுக்கு அழைத்தேன். அவள் புத்தகத்தைத் திறந்தே பார்க்கவில்லையாம், விமான நிலையத்தில் மலிவு என்று எடுத்ததாம். எங்கள் பக்கத்துப் புத்தகக் கடைகளில் அடுத்த கப்பலுக்கு வரும் என்றார்கள். எந்தக் கப்பல் என்று அவர்களுக்கும் தெரியாது. இதற்கிடையில் அம்மா கேட்பதை நிறுத்திவிட்டார். தான் கிழித்ததற்குத் தானே தண்டனை போட்டுக்கொண்டதுபோல, நான் வீட்டுக்கு வந்தால் வெட்டும் காயையே பார்த்துக்கொண்டிருப்பார். கேட்டபோது எரிச்சலாக இருந்தது. கேட்காமல் விட்டது அதைவிட மோசமாக இருந்தது.

சில மாதங்கள் கழித்து, அலுவலகத்துச் சிங்களத் தோழிக்கு வெளிநாட்டிலிருந்து அந்தப் புத்தகம் வந்தது. அவள் வாசித்து முடிக்கும்வரை பொறுக்கமுடியாமல், ஒரு நாளைக்கு மட்டும் தா என்று கெஞ்சி வாங்கினேன். பஸ்ஸில் நெரிசலில் வாசிக்க மனமில்லை. பம்பலப்பிட்டி ஸ்டேசனுக்கு இறங்கி, கடலைப் பார்த்துப் போட்ட நீள வாங்கில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து தொடங்கினேன். ரயில்கள் வந்தன, போயின.

பொலிஸ்காரி தீவுக்குப் போகிறாள். பனியில் நடந்து ஒரு மரவீட்டைக் கண்டுபிடிக்கிறாள். புகைபோக்கியிலிருந்து புகை வருகிறது. கதவைத் தட்டுகிறாள். உள்ளே யாரோ நடந்து வருகிற சத்தம் கேட்கிறது.

முடிந்தது. அவ்வளவுதான். அடுத்த தாளில் அந்தத் துறைமுகப் படம்.

நான் தாள்களை உரசிப் பார்த்தேன், ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று. இல்லை. முன்னட்டைக்குள் பத்திரிகைகளின் பாராட்டுகள் போட்டிருந்தார்கள். முடிவைச் சொல்லாமல் விட்ட துணிச்சலைத்தான் எல்லாரும் மெச்சியிருந்தார்கள். எனக்கு அழுகை வந்தது, துக்கத்தில் அல்ல, ஆத்திரத்தில். அந்த மனிதருக்குத் தெரியும். பொடியனைப் படைத்தவரே அவர்தான், கதவும் அவருடையது. ஒரேயொரு வரி எழுதினால் காணும், அதுவே போதும். இருக்கிறான் என்றோ இல்லை என்றோ. தெரிந்துகொண்டே சொல்லாமல் இருப்பவர்களை எங்களுக்கு இங்கேயே போதுமான அளவு தெரியும். கடல் கடந்து இன்னும் ஒருவர் எங்களுக்குத் தேவைப்படவில்லை.

வீட்டுக்குப் போனபோது அம்மா நிலத்தில் உட்கார்ந்து வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தார். என் கையில் முழுசாக இருந்த புத்தகத்தைக் கண்டார். அட்டை அவருக்குத் தெரியும். கத்தியைக் கீழே வைத்தார். கேட்கமாட்டார் என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றி, பையை ஆணியில் மாட்டும்வரை புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன் வந்திட்டானே?"

"ஓம் அம்மா. வந்திட்டான்."

அம்மா சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தார். எவ்வளவு நேரம் துடைத்தார் என்று சொல்லமுடியாது. பிறகு கத்தியை எடுத்து, சீவி வைத்த வாழைக்காயையே திரும்பவும் சீவத் தொடங்கினார்.

"மெலிஞ்சு போனானே?"

எந்தப் பக்கத்திலும் இல்லாத கேள்வி. நான் கதவுக்குப் பக்கத்தில் நின்றபடியே, கொஞ்சம் மெலிந்துதான் போனான் என்றேன்.

"மெலிஞ்சாப் பரவாயில்லை," என்றார் அம்மா. "ஆள் வந்தாக் காணும்."