பெற்றோலுக்கு ஒரு குழாய், மண்ணெண்ணெய்க்கு ஒரு குழாய்

கொழும்பில், வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனையில் இருக்கும் பத்திரிகை அலுவலகத்துக்கு நான் தினமும் ஓட்டிப் போவது இங்கிலாந்தில் செய்த பழைய மோட்டார் சைக்கிள். ஒற்றைச் சிலிண்டர். என்னைவிட வயது கூடியது. இப்போது ஒரே உதையில் ஓடத் தொடங்கும். சிவப்பு விளக்கில் நிற்கும்போது பக்கத்து ஓட்டோக்காரர் எட்டிப் பார்த்து விற்பீர்களா என்று கேட்பார். இந்தக் கிழட்டு எஞ்சினை எப்படி நம்பி வேலைக்குப் போகிறீர்கள் என்று கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்குச் சந்தியில் நின்று பதில் சொல்ல முடிவதில்லை.

அது அண்ணனுடையது. கனடாவுக்குப் போகுமுன் யாழ்ப்பாணத்திலிருந்து லொறியில் ஏற்றி எனக்கு அனுப்பினார். எங்கள் தொடர்மாடியின் கீழே, தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்தில், சாக்கு மூடிப் பல காலம் கிடந்தது. மனைவியின் சிறுநீரகங்கள் கைவிட்ட பிறகுதான் சாக்கை எடுத்தேன். வாரத்தில் மூன்று தரம் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். ஒரு தரம் தவறினாலும் மூச்சு முட்டத் தொடங்கும். பஸ்ஸில் நிற்க அவளால் முடியவில்லை. புதிய மோட்டார் சைக்கிள்கள் நாட்டுக்குள் வருவது நின்றுபோயிருந்தது. பழையவற்றின் விலை எங்களுக்கு எட்டவில்லை. கீழே கிடந்தது மட்டும்தான் எங்களுடையது.

மெக்கானிக்கின் பட்டறை கொட்டாஞ்சேனையில் ஓர் ஒழுங்கையின் முடிவில். அவர் என்னைவிட மூத்தவர். முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல் நானா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு நான் பேப்பர்காரர். பிஸ்கட் டின் ஒன்றில் அங்குல அளவுத் திருகு சாவிகள் வைத்திருந்தார். இந்தச் சைக்கிளின் ஆணிகளுக்கு வேறு சாவி பொருந்தாது. மின்பொறி தரும் மக்னீற்றோவைப் பஞ்சிகாவத்தைக் கடை ஒன்றுக்குக் கொடுத்து அனுப்பிக் கம்பி சுற்றுவித்தார். அதைத் திரும்பப் பூட்டும்போது நேரம் தவறி வைத்துவிட்டார். முதல் உதையில் பெரிய வெடி. எதிர்வீட்டுக்காரர் வெளியே ஓடிவந்தார். "ஒண்டுமில்ல, இங்கிலீஸ்காரன் தும்முறான்" என்று அவருக்குச் சொல்லிவிட்டு, நானா எல்லாவற்றையும் மறுபடி கழற்றினார்.

ஓடியது. ஆனால் இழுவை இல்லை. மருதானைப் பாலத்தில் மிதிசைக்கிள்காரர்கள் என்னை முந்திப் போனார்கள். ஒரு நாள் நானா சிலிண்டரைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"பேப்பர்காரர், ஒங்கட நானா மனுசன்தானா? வந்து பாருங்க."

சிலிண்டருக்குக் கீழே தடித்த அலுமினியத் தகடு ஒன்று வைக்கப்பட்டிருந்தது. அரத்தால் ராவிய ஓரங்கள். ஒரு மூலையில் பாத்திரக் கம்பனியின் முத்திரை பாதி தெரிந்தது.

"சோத்துப் பானைய வெட்டி எஞ்சினுக்குள்ள வச்சீக்கார். இது எப்பிடி இழுக்கும்?"

வீட்டில் சொன்னபோது மனைவி சிரித்தாள். "எங்கட ஐயாவும் போட்டவர். அது மண்ணெண்ணெய்க்கு."

போர்நாட்களில், வடக்குக்குப் பெற்றோல் போகாத பொருளாதாரத் தடைக் காலத்தில் நான் கொழும்பில் செய்தி திருத்திக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் வாகனம் ஓடுகிறது என்ற தலைப்பை நானே போட்டிருக்கிறேன். எப்படி ஓடுகிறது என்று யாரையும் கேட்டதில்லை. அவள் அங்கே பள்ளிக்கூடச் சிறுமி. தகப்பனின் பின்னால் இருந்து போனவள். தகடு வைத்தால் சிலிண்டருக்குள் அமுக்கம் குறையும், அமுக்கம் குறைந்தால்தான் மண்ணெண்ணெய் வெடித்துத் தட்டாமல் சீராக எரியும் என்று அவள்தான் விளக்கினாள். "பேப்பரில போட்டனீங்கள், வாசிக்கேல்லையோ?" என்றாள்.

நானா தகட்டை எடுத்து வீசினார். நான் பொறுக்கிப் பையில் வைத்துக்கொண்டேன். தகடு போனதும் சைக்கிள் பாய்ந்தது. சில கிழமைகள் எல்லாம் சரியாக நடந்தன. நான் அவளை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு அலுவலகம் போவேன். முடிந்ததும் போய் ஏற்றுவேன்.

பிறகு நாடெங்கும் பெற்றோல் இல்லாமல் போனது. காலி வீதியில் வரிசை பம்பலப்பிட்டி வரை நின்றது. ஆட்கள் வாகனத்துக்குள் உறங்கினார்கள். வரிசையில் நின்றால் ஆஸ்பத்திரி நாள் தவறும். ஓட்டோக்காரர்களும் அதே வரிசையில்தான் நின்றார்கள். வீட்டில் காஸ் முடிந்து, மண்ணெண்ணெய் அடுப்பு வாங்கியிருந்தோம். மண்ணெண்ணெய்க் கானில் பாதி இருந்தது.

"அந்தத் தகடு இருக்குதோ?" என்று அவள் கேட்டாள்.

நானாவிடம் அதைக் கொண்டுபோய் நீட்டியபோது, என்னையும் தகட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"களட்ட ஒரு நாள், பூட்ட ஒரு நாளா? ஒங்கட ஊர் ஆக்களுக்குப் பெற்றோல் ஈந்தாலும் பைத்தியம், இல்லாட்டியும் பைத்தியம்." பிறகு, "வீட்டுல எப்பிடி?" என்றார்.

"அப்பிடியேதான்."

அவர் சாவி டின்னைத் திறந்தார்.

பிரதான தாங்கியில் மண்ணெண்ணெய். கைபிடிக்குக் கீழே கட்டிய சிறு போத்தலில் பெற்றோல். இரண்டுக்கும் தனித்தனிக் குழாய். குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் உயிர்பெறாது. பெற்றோலில் தொடங்கி, சூடேறியதும் மாற்ற வேண்டும். அதைவிட முக்கியம் நிறுத்துவது. நிறுத்துவதற்குச் சற்று முன்பே மண்ணெண்ணெயைப் பூட்டிப் பெற்றோலைத் திறந்துவிட வேண்டும். அப்போதுதான் காபரேட்டரில் பெற்றோல் நிறைந்து அடுத்த முறை ஓடத் தொடங்கும். மறந்து நிறுத்தினால் எவ்வளவு உதைத்தாலும் அசையாது.

முதல் நாளே மறந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் காபரேட்டரைக் கழற்றி வடித்து, கைநிறைய மண்ணெண்ணெய் மணத்தோடு அலுவலகம் போனேன். மாலையில் அவள் சொன்னாள்: "ஐயாவுக்கும் மறதி. பள்ளிக்கூட மதில் வர நான் தோளில தட்டுவன். உங்களுக்கு டவுன் ஹோல்."

அன்றிலிருந்து அதுதான் ஒழுங்கு. ஆஸ்பத்திரிக்குச் சற்று முன்னே வரும் டவுன் ஹோல் சந்தி தாண்டியதும் வலது தோளில் ஒரு தட்டு. இடது கையைக் கீழே விட்டுக் குழாய்களை மாற்றுவேன். திரும்பி வரும்போது வெள்ளவத்தைச் சந்தைக்கு முன்னால் இன்னொரு தட்டு. கோபமாக இருக்கும் நாட்களில் பலமாகத் தட்டுவாள். கைச் சூட்டைக்கொண்டு காய்ச்சலா என்றுகூட அறிந்துவிடுவேன்.

சைக்கிள் வெள்ளைப் புகை கக்கியது. வரிசையில் நின்ற இளைஞர்கள் மூக்கைப் பிடித்தபடி, "அங்கிள், பூமிதெல் நேத?" என்று, மண்ணெண்ணெய்தானே எனச் சிங்களத்தில் கேலி செய்தார்கள். எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலில் இறங்கி அதைத் தண்ணீராக்கியது. நானா அளவுக்கம்பியை மோந்து பார்த்து, அடிக்கடி ஒயில் மாற்றினார். எஞ்சினின் அடியில் ஒரு தட்டல் சத்தம் தொடங்கியிருந்தது. "இது சாகும், இப்ப இல்ல" என்றார்.

கானில் இருந்ததை அடுப்புக்கும் சைக்கிளுக்கும் பங்கிட்டோம். சமையல் ஒருநேரமானது. மற்ற நேரம் பேக்கரிப் பாண். ஆஸ்பத்திரியிலும் பொருட்கள் குறைந்தன. மூன்று தரம் இரண்டானது. ஒவ்வொரு தரமும் இயந்திரத்தில் இருக்கும் நேரமும் சுருங்கியது. தாதி ஒருவர் அதைச் சொல்லும்போது எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுடைய கால்கள் வீங்கின. தன் செருப்பைப் போட முடியாமல், என்னுடைய பெரிய ரப்பர்ச் செருப்பான பாட்டாவைப் போட்டுக்கொண்டு வந்தாள்.

"இனி விடுவமோ?" என்று ஒரு காலை கேட்டாள்.

"என்னத்தை?"

"போய் வாறதை."

"சைக்கிள் இப்பதான் ஒழுங்கா ஓடுது. பிடிச்சுக்கொண்டு இரும்."

"சைக்கிளுக்குச் சுகம்" என்று சொல்லி ஏறினாள்.

அது உண்மைதான். அந்தக் கிழமைகளில் அது ஒரு நாளும் வழியில் நிற்கவில்லை.

கடைசி நாள் மழை. இருவரும் ஒரே மழைக்கோட்டுக்குள் இருந்தோம். கொள்ளுப்பிட்டி வரை கதைத்துக்கொண்டு வந்தாள். மாடிப்படியில் உலரப்போட்ட துணி நனையும் என்றாள். அதன் பிறகு பேச்சில்லை. அவளுடைய பாரம் மெல்ல மெல்ல என் முதுகில் சாய்ந்தது. உறங்குகிறாள் என்று நினைத்தேன். டவுன் ஹோல் சந்தியைத் தாண்டினேன். தட்டு விழவில்லை.

நான் குழாய்களைத் தொடவில்லை. ஒரு கையைப் பின்னால் கொண்டுபோய் அவளை இடுப்போடு அணைத்துப் பிடித்தேன். மறு கையால் ஓட்டினேன். கிளச் பிடிக்கக் கை இல்லாததால் வாசல் வரை ஒரே கியரில் போனது.

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி ஓடிவந்தார். இன்னும் இருவர் வந்து அவளைத் தள்ளுகட்டிலில் ஏற்றினார்கள். ஒரு பாட்டா தரையில் கிடந்தது. சைக்கிள் ஸ்டாண்டில் ஓடிக்கொண்டிருந்தது. காபரேட்டர் நிறைய மண்ணெண்ணெய். நின்றால் அவளைத் திருப்பிக் கொண்டுபோக முடியாது. அந்த நேரத்தில் எனக்கு அப்படித்தான் தோன்றியது.

"நவத்தன்ன எப்பா" என்று காவலாளியிடம் சொன்னேன். நிறுத்த வேண்டாம். வேறு விளக்கம் சொல்ல நேரமில்லை. உள்ளே ஓடினேன்.

நெஞ்சை அழுத்தினார்கள். குழாய் ஒன்று போட்டார்கள். திரை இழுத்து மூடினார்கள். இளம் டொக்டர் ஒருவர் வெளியே வந்து, தமிழில் சொல்வதற்குச் சொற்களைத் தேடினார். சிங்களத்திலேயே சொல்லுங்கள் என்றேன். சொன்னார். அவளுடைய சங்கிலியையும் மற்றப் பாட்டாவையும் ஒரு பொலித்தீன் பையில் போட்டுத் தந்தார்கள். எங்கெங்கோ கையெழுத்து வைத்தேன்.

வெளியே வந்தபோது மழை விட்டிருந்தது. காவலாளி சைக்கிளுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கை முறுக்குப்பிடியில். சத்தம் இறங்கும் போதெல்லாம் சற்றே முறுக்கிக்கொண்டிருந்தார். புகையில் அவருடைய கண்கள் சிவந்திருந்தன. விழுந்த பாட்டாவை எடுத்துக் கழுவி சீட்டின் மேல் வைத்திருந்தார்.

"மாத்தயா, தாம ஸ்டார்ட்" என்றார். இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்று, நல்ல செய்தி சொல்கிற முகத்தோடு.

பாட்டாவை எடுத்துப் பையில் போட்டேன். குழாய்களை மாற்றவில்லை. நிறுத்தினேன்.