அவரே பில் போட்டார்: போடி வழியாகக் குரங்கணிக்கு

இந்தப் பக்கத்தில் நான் எழுதி ஒரு வருடத்துக்கு மேலாகிறது. நடுவில் சிலர் அக்கறையாக விசாரித்திருந்தீர்கள். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். போன வருடம் பொங்கலுக்குக் கொஞ்சம் முன்னால் என் கணவர் குணசேகரனுக்குப் பக்கவாதம் வந்தது. கால் தேறிவிட்டது. வலது கையில் இன்னும் முழு பலம் வரவில்லை. போனது பேச்சு. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிகிறது. என்ன சொல்ல வேண்டும் என்பதும் தெரிகிறது. சொல்தான் வாய்க்கு வருவதில்லை. சில சமயம் தண்ணீர் என்று சொல்லப் போய் ‘சாவி’ என்பார். தப்பு என்று அவருக்கே தெரிந்து, தலையை ஆட்டிக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவார்.

திருச்சியில் ஒரு புடவைக் கடையில் பல வருடம் விற்பனைப் பிரிவில் இருந்தவர். ஒரு புடவையை விரிப்பதற்குள் வந்தவர்களின் ஊர், உறவு, கல்யாணத் தேதி எல்லாம் கேட்டு முடித்திருப்பார். அப்படிப்பட்டவர் கடைகளுக்குப் போவதையே நிறுத்திவிட்டார். கடைக்காரர் கேட்பார், இவர் வாயைத் திறந்து தடுமாறுவார், உடனே கடைக்காரரின் கண் என் பக்கம் திரும்பிவிடும். நானும் பதில் சொல்லிவிடுவேன். அந்த இடத்தில் இவர் முகம் போகிற போக்கைப் பார்க்க முடியாது.

எங்காவது போய் வாருங்கள் என்று டாக்டர் சொன்னார். கைப்பேசியில் நாலைந்து ஊர்ப் படங்களைக் காட்டினேன். குரங்கணிப் படத்தில் விரலை வைத்து அழுத்தினார். பொங்கல் விடுமுறைக் கூட்டம் வடியட்டும் என்று காத்திருந்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பயணம் வைத்தோம்.

முந்தின நாளே மதுரைக்கு வந்து தங்கிவிட்டோம். காலை எட்டேகால் வாக்கில் மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு ரயில். உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி, அப்புறம் போடி. ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர், இரண்டேகால் மணி நேரம். ஆளுக்கு ஐம்பது ரூபாய்கூட ஆகவில்லை. ஆண்டிபட்டிக் கணவாயில் இரண்டு பக்கமும் பாறை நெருங்கி வரும்போது இடப்பக்க ஜன்னல், வலப்பக்க ஜன்னல் என்று சண்டை வேண்டாம், இரண்டுமே அழகு.

எதிரில் உட்கார்ந்திருந்த பெரியவர் இவரிடம், “தேனிக்கா, போடிக்கா?” என்று கேட்டார். இவர் “போ... போ...” என்று தொடங்கினார். பெரியவர் மூன்று நொடி பார்த்துவிட்டு என்னிடம், “எங்கம்மா போறீக?” என்றார். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தேனி தாண்டும் வரை திரும்பவில்லை.

போடியில் பத்தரைக்கு இறங்கினோம். குரங்கணியில் நாங்கள் எடுத்திருந்த வீட்டுக்காரர் ஜீப் அனுப்பியிருந்தார். ஓட்டுநர் பெயர் செல்வம், நாற்பது வயதிருக்கும். பையை வாங்கி வைத்துவிட்டு, “அண்ணே, முன்னாடி ஒக்காருங்க, காத்து நல்லா வரும்” என்றார். இவர் சிரித்துவிட்டு முன்னால் ஏறிக்கொண்டார். நான் வண்டிக்குப் பின்னால் போய் விஷயத்தைச் செல்வத்திடம் மெதுவாகச் சொன்னேன்.

“காது கேக்குமாக்கா?”

“நல்லா கேக்கும். எல்லாம் புரியும். சொல்லத்தான் வராது.”

“அப்ப சரிக்கா. நான் பேசுறேன், அவரு கேக்கட்டும்” என்று ஏறி உட்கார்ந்துவிட்டார்.

நாங்கள் எடுத்தது சமையலறையோடு கூடிய சின்ன வீடு. மேலே டீக்கடையும் இரண்டு பெட்டிக்கடையும்தான் இருக்கின்றன, சாமான்களை போடியிலேயே வாங்கிவிடுங்கள் என்று வீட்டுக்காரர் முன்பே சொல்லியிருந்தார். ஏலக்காய் மண்டிகள் இருக்கிற தெரு வழியாகச் செல்வம் வண்டியை விட்டார். ஞாயிறு என்பதால் பாதிக் கடைகள் சாத்தியிருந்தன. இருந்தாலும் வாசனை மட்டும் தெரு முழுக்க நின்றது. பேருந்து நிலையத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சூப்பர் மார்க்கெட் முன்னால் நிறுத்தினார். “வெரசா வாங்கிட்டு வாங்கக்கா. ஞாயித்துக்கிழம எஸ்டேட்டு ஆளுக பூராம் எறங்கி வந்திருப்பாக, கூட்டமா இருக்கும்” என்றார்.

கூட்டம்தான். மலை மேலே ஏலத்தோட்டங்களில் வேலை பார்ப்பவர்கள் ஒரு வாரச் சாமான் வாங்க வந்திருந்தார்கள். பில் போடும் மூன்று கவுண்டர்களிலும் வரிசை பருப்பு அடுக்கு வரைக்கும் நீண்டிருந்தது. அரிசி, பால், முட்டை, தக்காளி, ரொட்டி என்று தள்ளுவண்டியில் நிரப்பிக்கொண்டு நாங்களும் கடைசியில் நின்றோம்.

அப்போதுதான் ஓரத்தில் இரண்டு இயந்திரங்களைப் பார்த்தேன். நாமே பொருளைக் காட்டி, நாமே பணம் கட்டிக்கொள்கிற செல்ஃப் பில்லிங். திருச்சியில் ஒரு மாலில் பார்த்திருக்கிறேன், போடியில் எதிர்பார்க்கவில்லை. புதிதாக வைத்திருப்பார்கள் போல, மேலே போட்டிருந்த பூமாலைகூட முழுசாக வாடவில்லை. ஒருவரும் பக்கத்தில் போகவில்லை.

இவரும் பார்த்தார். அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தள்ளுவண்டியின் கைப்பிடியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் உருட்டினார். நான் கூடவே போனேன். நின்று, என் உள்ளங்கையில் கை வைத்து வாசல் பக்கமாகத் தள்ளினார். நீ போ என்று அர்த்தம்.

“தனியாவா? நான் சும்மா பக்கத்துல நிக்கிறேனே.”

இன்னொரு முறை தள்ளினார். இந்தத் தடவை கொஞ்சம் அழுத்தமாக. கண்ணில் கெஞ்சலும் இருந்தது, கோபமும் இருந்தது. நான் வெளியே வந்து கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம், செல்வத்தின் அருகில் நின்றுகொண்டேன்.

உள்ளே இவர் திரையில் தமிழைத் தொட்டார். இடது கையால் ஒவ்வொரு பொட்டலமாக எடுத்துத் திருப்பி, பார்கோடு இருக்கிற பக்கத்தைத் தேடி, சிவப்பு வெளிச்சத்தில் காட்டினார். ரொட்டி போனது. பால் போனது. பருப்புப் பாக்கெட்டை மூன்று முறை காட்ட வேண்டியிருந்தது. கதவு திறக்கும்போதெல்லாம் அந்த இயந்திரத்தின் குரல் கேட்டது. “பொருளைப் பையில் வைக்கவும்” என்று சுத்தமான தமிழில், யாருக்காகவும் அவசரப்படாமல் சொன்னது. அது கேள்வி கேட்கவில்லை. பதிலும் எதிர்பார்க்கவில்லை.

தக்காளியில் மாட்டிக்கொண்டார். எடை போட்டு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும், நாங்கள் மறந்துவிட்டோம். இயந்திரத்தின் மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. கடைச் சீருடையில் ஒரு பெண் வந்து ஏதோ கேட்டாள். இவர் வாய் திறந்து மூடுவது தெரிந்தது. அந்தப் பெண், இவரோடு யார் வந்திருக்கிறார்கள் என்று சுற்றிலும் தேடினாள். கண்ணாடிக்கு அப்பால் நின்ற என்னைப் பார்த்துவிட்டாள்.

என் கால் ஓர் அடி எடுத்து வைத்துவிட்டது. கதவின் கைப்பிடியைக்கூடத் தொட்டுவிட்டேன். ஆனால் இவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையை எடுத்துவிட்டு, தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். அதைவிடக் கஷ்டமான ஒன்றை அந்தப் பயணத்தில் நான் செய்யவில்லை.

“செல்வம், என்ன நடக்குது?”

“நீங்க திரும்பாதீங்கக்கா, நான் சொல்றேன்” என்றார் அவர். “அந்தப் புள்ள மறுபடியும் அண்ணேகிட்டத்தான் கேக்குது. அண்ணே தக்காளியத் தூக்கிக் காட்டுறாரு. தராசு இருக்குற பக்கம் கையக் காட்டுறாரு. ஆ, புரிஞ்சிருச்சு. எடுத்துட்டுப் போகுது. எட போடுது. கொண்டாந்துருச்சு. வெளக்கு அணைஞ்சிருச்சுக்கா.”

மூச்சு விட்டேன். உடனே செல்வம், “யாரோ ஒரு பொம்பளையாளு வந்து நிக்கிதுக்கா. அண்ணேகிட்ட என்னமோ வெவரம் கேக்குது” என்றார்.

அதற்கு மேல் முடியவில்லை, திரும்பிவிட்டேன். இவருக்கு அடுத்த இயந்திரத்தின் முன்னால் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஸ்வெட்டர், தலையில் கட்டிய துண்டு, கூடை நிறையச் சாமான். வேகமாகப் பேசிக்கொண்டே அந்தத் திரையையும் வாசலையும் மாறி மாறிக் காட்டினாள். இவருக்குப் பேச வராது என்று அவளுக்குத் தெரியாது. ரயிலில் நடந்ததுதான் மறுபடி நடக்கப்போகிறது என்று நினைத்தேன்.

இவர் தன் வண்டியை விட்டு நகர்ந்து அவள் பக்கம் போனார். அவள் கூடையிலிருந்து ஒரு சோப்பை எடுத்து, பின்பக்கத்தைத் திருப்பி, கோடுகளை விரலால் தொட்டுக் காட்டினார். வெளிச்சத்தில் பிடித்தார். திரையில் விலை வந்ததும் அவளைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். அடுத்ததை அவளே எடுத்தாள். தலைகீழாகக் காட்டினாள், இவர் திருப்பி வைத்தார். ஒவ்வொன்றுக்கும் அவள் ஏதோ பேசினாள், இவர் தலையாட்டினார். ஒரு கட்டத்தில் அவள் சொன்ன எதற்கோ இவர் தோள் குலுங்கச் சிரித்தார். புடவைக் கடையில், பிடிவாதம் பிடிக்கிற மாமியாரைச் சமாளித்து முடித்ததும் சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு. ஒரு வருடமாக அதை நான் பார்க்கவில்லை.

அவள்தான் முதலில் வெளியே வந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் நின்றாள்.

“சேச்சி, உள்ள நிக்கிறது உங்க வீட்டுக்காரரா?”

ஆமாம் என்றேன்.

“நல்ல மனுசன். எனக்குப் பன்னெண்டு மணிக்கு ஜீப்பு, கேரளாப் பக்கம் பூப்பாறைக்கு. அத விட்டா சாயந்தரம்தான். அந்த வரிசையில நின்னுருந்தா அம்புட்டுத்தான். ஒரு வார்த்த பேசல, சோலிய முடிச்சுக் குடுத்துட்டாரு. பேச்சுக் கம்மியோ அவருக்கு?”

எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்துவிட்டது. “ஆமாங்க. கம்மிதான்” என்றேன்.

“குடுத்து வச்சவுக நீங்க. எங்க வீட்டுல ஒண்ணு இருக்கு, வாயே ஓயாது” என்று சொல்லிவிட்டுக் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு ஓடினாள். பெயர்கூடக் கேட்கவில்லை.

பணம் கட்டும் இடத்தில் இவர் ரகசிய எண்ணை ஒருமுறை தப்பாகப் போட்டார். கைப்பேசியைக் கீழே வைத்து, இடது கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு மறுபடி போட்டார். இந்த முறை சரியாகிவிட்டது. இரண்டு பைகளோடு வெளியே வந்தவர் ஒன்றை என்னிடம் கொடுத்தார். ஜீப்பில் ஏறியதும் தன் பையிலிருந்து நான் எடுத்து வைக்காத ஒரு கடலை மிட்டாய்ப் பாக்கெட்டை எடுத்துச் செல்வத்திடம் நீட்டினார். “எனக்காண்ணே?” என்று அவர் வாங்கிக்கொண்டார்.

போடியிலிருந்து குரங்கணி பதினாறு கிலோமீட்டர். ஜீப்புக்கு எங்களிடம் வாங்கியது ஆயிரத்து இருநூறு ரூபாய். மாந்தோப்பும் தென்னந்தோப்பும் முடிந்ததும் கொட்டகுடி ஆறு கூடவே வரத் தொடங்குகிறது. சாலை குறுகி மேலேறும்போது காற்று மாறிவிடும். பெரிய மரங்களின் நிழலில் காப்பிச் செடிகள், இன்னும் மேலே ஏலச்செடிகள். ஏலக்காய் செடியின் உச்சியில் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். தூரோடு, தரையை ஒட்டி நீளுகிற சரங்களில் காய்த்திருக்கும். செல்வம் வழி நெடுக எல்லாவற்றையும் இவரிடமே சொல்லிக்கொண்டு வந்தார். “அண்ணே, அந்தா மேகம் உக்காந்திருக்கு பாருங்க, அதுதான் டாப் ஸ்டேஷன்.” இவர் விரலை நீட்டி அதற்கும் பக்கத்து மலையைக் காட்டுவார். “அதுவாண்ணே? அங்கிட்டு ஏலத்தோட்டம்.” கேள்வியும் பதிலுமாகவே போனது. பின்னால் உட்கார்ந்திருந்த என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. எவ்வளவு நாள் கழித்துச் சும்மா வேடிக்கை பார்த்தேன் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

மறுநாள் காலையில் பனி கலைவதற்கு முன்பே டீக்கடைக்கு நடந்தோம். எனக்கு முன்னால் போய் இவர் இரண்டு விரலைக் காட்டினார். கடைக்காரர் பாலைக் கொதிக்க விட்டபடி, “சீனி எப்பிடிண்ணே?” என்றார். இவர் வாய் அசைந்தது. நான் மலைப் பக்கம் பார்த்துக்கொண்டேன். கடைக்காரருக்கு வேறு வேலை எதுவும் இல்லை போலும். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பால் ஒரு முறை பொங்கி அடங்கியது.

“க... கம்மி” என்றார் இவர்.

“கம்மியா? சரிண்ணே” என்று அவர் டீ ஆற்றத் தொடங்கினார். அவருக்கு அது ஒரு சாதாரண டீ. அந்நியர் ஒருவரிடம் இவர் சரியாகச் சொல்லி முடித்த முதல் வார்த்தை அது. நான் மலையைப் பார்த்தபடியே நின்றேன். இவரும் என்னைப் பார்க்கவில்லை. டீ நன்றாக இருந்தது, இஞ்சி தட்டிப் போட்டிருந்தார்கள்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ரயில் நேரத்தைக் கிளம்புமுன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் காலைக் குளிர் நன்றாகவே இருக்கும். எங்கள் வீட்டு வாடகை ஒரு நாளைக்கு ஆயிரத்து எண்ணூறு. குரங்கணிக்கு மேலே காட்டுப் பாதையில் நடக்க வனத்துறை அனுமதி கட்டாயம், யார் என்ன சொன்னாலும் அது இல்லாமல் ஏறாதீர்கள். ஊரைச் சுற்றி ஆற்றோரமாக நடப்பதற்கே இரண்டு நாள் போதாது. சாமான்களை போடியில் வாங்குவதானால் ஞாயிற்றுக்கிழமையைத் தவிருங்கள். தக்காளிக்கு ஸ்டிக்கர் ஒட்ட மறக்காதீர்கள்.

பேச்சு தடைப்பட்டவரோடு பயணம் போகிறவர்கள், ஓட்டுநரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கூட வருபவரின் பெயரும் உங்கள் எண்ணும் எழுதிய ஒரு சீட்டு அவர் சட்டைப்பையில் இருக்கட்டும். கடையில் அப்படி ஓர் இயந்திரம் இருந்தால், அவர் போக விரும்பினால் விடுங்கள். நீங்கள் வெளியே நில்லுங்கள்.

அடுத்த மாதம் எங்கே என்று இவர் படம் பார்த்துக்கொண்டிருக்கிறார். ரயிலிலோ மலையிலோ எங்களைப் பார்த்தால் வந்து பேசுங்கள். கேள்வியை அவரிடமே கேளுங்கள். பதில் வரக் கொஞ்சம் நேரமாகும். நின்று வாங்கிக்கொண்டு போங்கள்.