பெட்டிக்குள் நாலு

குராமோச்சி மிஹோ பிறந்தது கசுமிகாவுரா ஏரிக்கரையில், தாமரைக் கிழங்கு பயிரிடும் குடும்பத்தில். உடம்பு விறைக்கும் குளிரிலும் அப்பாவும் அண்ணனும் இடுப்பளவு சேற்றில் நின்று, குழாயால் தண்ணீரைப் பீய்ச்சிக் கிழங்கு எடுப்பார்கள். அங்கிருந்து அரைமணி தூரத்தில், ட்ஸுகுபாவில், மண்ணுக்கடியில் வட்டச் சுரங்கம் அமைத்துத் துகள்களை மோதவிடுகிறார்கள். மகளுக்கு அங்கே வேலை கிடைத்தபோது அம்மா அக்கம்பக்கத்தில் சொன்னது இவ்வளவுதான்: "நாங்க எல்லாரும் கண்ணுக்குத் தெரியாததைத் தடவித்தான் எடுக்கறோம். அவளும் அதையேதான் செய்யறா. என்ன, அவ கால்ல சேறு ஒட்டாது."

மிஹோவின் குழு வருஷக்கணக்கில் ஒரே ஒரு விஷயத்தைத் தேடிக்கொண்டிருந்தது. டவ் என்று ஒரு துகள். பிறந்த வேகத்தில் உடைந்து வேறு துகள்களாகிவிடும். அது மியூவான் என்கிற இன்னொரு துகளும் ஓர் ஒளித்துகளுமாக ஒருபோதும் உடையாது என்பது இன்றைய கோட்பாடு. அப்படி உடைவதைப் பார்த்துவிட்டால் பாடப்புத்தகத்தையே திருத்த வேண்டியதுதான்.

இந்தத் தேடலில் தேடுகிறவரின் ஆசைதான் பெரிய எதிரி. வேண்டியது கண்ணில் பட்டுவிட்டால், அதைக் காப்பாற்றும் பக்கமாகவே கை சாயும். ஆகவே விடை விழக்கூடிய இடத்தைக் கணினியில் மறைத்து வைத்துவிடுவார்கள். அதற்குப் பெட்டி என்று பெயர். எந்த மோதலை ஏற்பது, எதைத் தள்ளுவது என்கிற வரம்புகளையெல்லாம் முடிவு செய்து, குழு முழுதும் சம்மதித்த பிறகே பெட்டியைத் திறப்பார்கள். பூட்டு என்று எதுவும் இல்லை. நிரலில் ஒரு வரியை மாற்றினால் திறந்துகொள்ளும். யாரும் மாற்றமாட்டார்கள் என்கிற நம்பிக்கைதான் பூட்டு.

தேடலைத் தொடங்கி வைத்தவர் இவாசா. ஓய்வு பெற்ற பின்னும் தினமும் சைக்கிளில் வந்து கூட்டங்களில் பின்வரிசையில் உட்காருவார். எல்லோருக்கும் அவர் 'சென்செய்', ஆசான். மிஹோவை வேலைக்கு எடுத்தவரும் அவர்தான். பெட்டியைத் திறக்கவிருந்த வருஷம் அவருக்கு வயிற்றில் அறுவைசிகிச்சை நடந்து, புண்ணில் கிருமி ஏறி, பிழைப்பது கஷ்டம் என்று மருத்துவர் கைவிரித்துவிட்டார். பிள்ளைகள் கிடையாது. மனைவி கசுயே மிஹோவைக் கூப்பிட்டாள். மிஹோ மடிக்கணினிப் பையோடு வேலையிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

"பெட்டி திறந்தாச்சா?" என்று கேட்டார் இவாசா. குரல் எழும்பவில்லை.

"இன்னும் இல்ல சென்செய். அடுத்த மாசம் சரிபார்ப்புக் கூட்டம் இருக்கு."

"அடுத்த மாசமா. அதுக்கு நான் இருக்கமாட்டேன்." பஸ் போய்விட்டது என்று சொல்வதைப் போலச் சொன்னார். வேறொன்றும் கேட்கவில்லை.

மிஹோ வெளியே வந்தாள். பார்வையாளர் அறையில் யாரும் இல்லை. கணினியைத் திறந்து அந்த ஒரு வரியை மாற்றினாள். தேடுவது இல்லாவிட்டாலும் தற்செயலாக உள்ளே விழக்கூடிய மோதல் ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு. பெட்டிக்குள் நாலு இருந்தன. திரும்பிப் போய் அவர் காதருகே குனிந்து, "நாலு சென்செய்" என்றாள்.

அவர் முகம் மலர்ந்தது. அவள் விரலைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் மலர்ச்சி வடிந்தது. "நீ பாத்தியாம்மா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவரும் கண்ணை மூடிக்கொண்டார்.

மறுவாரம் புது மருந்து ஒன்று வேலை செய்தது. "பிழைச்சுட்டார்" என்று கசுயே தொலைபேசியில் அழுதாள். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் மிஹோவின் மனத்தில் முதலில் எழுந்தது சந்தோஷம் இல்லை. சீக்கிரமே சந்தோஷமும் வந்தது, உண்மையாகவே வந்தது. ஆனால் முதலில் எழுந்தது எது என்பது அவளுக்குத் தெரியும். சாகக்கூட இல்லாத ஒருவரைப் புதைத்துவிட்டுத் திரும்பியவள்போல அன்றெல்லாம் சாப்பாடு இறங்கவில்லை.

ரகசியத்தைத் தன்னோடு கொண்டுபோயிருக்க வேண்டியவர், சரிபார்ப்புக் கூட்டத்தன்று மெலிந்த உடம்போடு டாக்சியில் வந்து இறங்கினார்.

கூட்டத்தில் தெராகாதோ என்ற பெண்மணி ஒரு திருத்தம் சொன்னாள். குழுவுக்குள் இந்த ஆய்வைச் சரிபார்க்கும் பொறுப்பு அவளுடையது. ஒளித்துகளின் ஆற்றல் வரம்பைச் சற்று உயர்த்தலாம் என்றாள். நியாயமான யோசனைதான். ஆனால் உயர்த்தினால் நாலில் இரண்டு விழுந்துவிடும் என்பது அந்த அறையில் மிஹோவுக்கு மட்டுமே தெரியும். எழுந்து மறுத்துப் பேசினாள். சொன்ன காரணம் ஒவ்வொன்றும் உண்மை. பக்கத்தில் நுகாகா தலையாட்டிக்கொண்டிருந்தான். இந்தத் தேடலை நம்பித்தான் அவன் முனைவர் ஆய்வு. மனைவி, கைக்குழந்தை, நகோயாவில் காத்திருக்கும் ஒரு வேலை.

கடைசியில் தெராகாதோ பேனாவை மூடினாள். "குராமோச்சி சான், உங்களுக்குத் தெரியாததா. பழைய வரம்பே இருக்கட்டும்."

கூட்டம் கலைந்ததும் இவாசா அவளைத் தாழ்வாரத்தில் நிறுத்தினார்.

"ஏம்மா, அந்த நாலு தெரியாம இருந்தா இப்படித்தான் பேசியிருப்பியா?"

"தெரியல சென்செய்."

"எனக்கும் தெரியல. இனிமே யாருக்குமே தெரியப்போறதில்ல. அதுதான் தப்பு."

"நாளைக்கு நானே சொல்லிடறேன்."

சொல்ல வேண்டியதை வீடு திரும்பும் வழியெல்லாம் மனத்துக்குள் அடுக்கிக்கொண்டே வந்தாள். ஆனால் மறுநாள் கூட்டத்தில் அவள் வாய் திறப்பதற்குள் பின்வரிசையில் நாற்காலி நகர்ந்தது.

"பெட்டியை நான் பாத்துட்டேன்" என்றார் இவாசா. "ஆஸ்பத்திரியில ஆசையை அடக்க முடியல. மன்னிக்கணும்." இடுப்பு வளைத்து வணங்கினார். தையல் போட்ட வயிறு. பாதி வளைவிலேயே நின்றுவிட்டார்.

ஓய்வு பெற்ற அன்றோடு அவருடைய கணினிக் கணக்கு முடக்கப்பட்டதும், மின்னஞ்சல் பார்க்கவே அவர் நுகாகாவைக் கூப்பிடுவதும் எல்லோருக்கும் தெரியும். யாரும் கேட்கவில்லை. மிஹோவைத் திரும்பிப் பார்க்கவுமில்லை. "தெரிவிச்சதுக்கு நன்றி" என்று தெராகாதோ சொல்லி முடிக்கும்வரை, அடுக்கி வைத்திருந்ததைச் சொல்ல அவளுக்கு அவகாசம் இருந்தது. அதுவும் போயிற்று.

அந்தப் பெட்டி செல்லாது என்று குழு முடிவெடுத்தது. புதிதாக மோதல்களைச் சேர்த்து, வேறு ஆட்கள் வரம்புகளைத் தீர்மானித்து, புதுப் பெட்டியைத் திறக்க வேண்டும். குறைந்தது ஒரு வருஷம். நகோயா வேலை நுகாகாவின் கையைவிட்டுப் போயிற்று. கட்டுரையில் தன் பெயர் வேண்டாம் என்று இவாசா தானாகவே எழுதிக் கொடுத்துவிட்டார்.

மிஹோவுக்குப் பொறுக்கவில்லை. மதிய வேளையில் நுகாகா தனியாக உட்கார்ந்து சோற்று உருண்டையைப் பிரித்துக்கொண்டிருந்தபோது எதிரே போய் அமர்ந்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். பெட்டியைப் பாத்தது..."

"வேணாம், குராமோச்சி சான்."

"கேளுங்க."

"நீங்க சொல்லிட்டா எனக்குத் தெரிஞ்சதா ஆயிடும். அப்புறம் நான் கூட்டத்துல எழுந்து சொல்லணும். மறுபடியும் விசாரணை, மறுபடியும் தாமதம். எம் பொண்ணு நடக்க ஆரம்பிச்சுட்டா, நான் இன்னும் மாணவன்." அவன் கோபமாகக்கூடப் பேசவில்லை. "உங்க மனசு லேசாகறதுக்கு எனக்கு இன்னொரு வருஷம் போகணுமா?"

அவள் எழுந்து போய்விட்டாள். பேசாமலிருக்க இப்போது ஒரு காரணமும் கிடைத்துவிட்டது. அது வசதியாக இருந்ததுதான் அவளை அதிகம் அரித்தது.

அடுத்த ஆண்டு புதுப் பெட்டி திறந்தபோது உள்ளே ஒன்றே ஒன்று இருந்தது. தற்செயலாக விழக்கூடியது அவ்வளவுதான். பழைய நாலும் குருட்டு அதிர்ஷ்டமாகத்தான் இருந்திருக்கும். நுகாகா பட்டம் வாங்கிக்கொண்டு மருத்துவக் கருவிகள் செய்யும் கம்பெனிக்குப் போனான்.

இவாசா அதன்பின் ஆய்வுக்கூடத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். மிஹோவும் அவர் வீட்டுப் பக்கம் போகவில்லை. எந்த முகத்தோடு போவது என்று நினைத்தே சில வருஷங்கள் ஓடிவிட்டன. போனது அவர் சாவுக்குத்தான். குழுவின் சார்பில் பேசியவர் இவாசாவின் வேலைகளையெல்லாம் வரிசையாகச் சொன்னார். டவ் தேடலை மட்டும் மரியாதையாகத் தாண்டிப் போனார்.

ஊதுபத்தி வைத்துவிட்டு, எல்லோரும் நகர்ந்த பிறகு மிஹோ கசுயேயின் முன்னால் உட்கார்ந்தாள்.

"பெட்டியைப் பாத்தது அவர் இல்லம்மா. நான். அவர் என் தப்பைத் தன் பேர்ல போட்டுக்கிட்டார்."

கசுயே ஆச்சரியப்படவில்லை. "அது எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்த அன்னிக்கே சொன்னார்." கைக்குட்டையை மடித்தாள். "இதைச் சொல்ல இன்னிக்குத்தான் வழி தெரிஞ்சுதா? ஞாயித்துக்கிழமைன்னா உங்களுக்கும் சேத்து ஒரு கோப்பை எடுத்து வைக்கச் சொல்வார். கோபமா இருப்பாளோ, நான் குறுக்கே புகுந்தது பிடிக்கலையோன்னு கேட்டுக்கிட்டே இருந்தார். எனக்கு என்ன தெரியும், என்ன சொல்ல?"

மிஹோ நெற்றி பாயில் படக் குனிந்தாள். நிமிர வெகுநேரமாயிற்று.

அந்த வாரமே குழுவுக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினாள். பதிவு செய்துகொண்டோம் என்று தெராகாதோவிடமிருந்து ஒரு வரி வந்தது. அச்சேறிவிட்ட கட்டுரையில் ஒருவர் பெயரைச் சேர்ப்பதற்கு வழியில்லை என்று இன்னொரு வரி. மிஹோ இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறாள், கருவிகளின் அளவைச் சரிபார்க்கும் பிரிவில். பெட்டி வைத்த தேடல் எதிலும் சேர்வதில்லை. ஏன் என்று யாராவது கேட்டால் சொல்லிவிடலாம் என்றிருக்கிறாள். யாரும் கேட்பதில்லை.