தரைப்பாலத்தில் நின்ற அம்பாசடர்

போன வாரம் மழையில் எங்கள் கம்பெனி வேனின் ஜன்னலை யாரோ திறந்தபடியே விட்டுப் போயிருக்கிறார்கள். மறுநாள் காலை ஏறி உட்கார்ந்ததும் நனைந்த சீட்டிலிருந்து ஒரு வாடை அடித்தது. தேங்காய் நாரும் சேறும் பெட்ரோலும் கலந்த வாடை. இந்தக் காலத்து வேன் சீட்டில் நார் எங்கே இருக்கப்போகிறது, எல்லாம் ஸ்பாஞ்சுதான். மீதியை என் மூக்கு தானாகச் சேர்த்துக்கொண்டது. கவரைப்பேட்டை தாண்டும் வரை கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த பெண், "இன்னா மேடம், வாந்தி வருதா?" என்று ஒரு பிளாஸ்டிக் கவரை நீட்டினாள்.

வாந்தி விஷயத்தில் எனக்குப் பழைய பெயர் ஒன்று உண்டு. எங்கள் வீட்டு அம்பாசடரின் பின் சீட்டில் நான் உட்கார்ந்தால், வளைவுக்கு வளைவு ஒரு எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வருவேன். கார் ராலிக்குப் போகிற குடும்பத்தில் பிறந்தவளுக்கு இப்படி ஒரு வயிறு வாய்த்தால் என்ன செய்வது?

எங்கள் நைனா கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு உருக்கும் ஆலையில் ஃபோர்மேன். அப்பாவை நைனா என்றுதான் நாங்கள் கூப்பிடுவோம். ஆந்திரா எல்லை கூப்பிடு தூரம்தானே. சின்ன வயதில் சோழவரத்தில் பந்தயக் கார்கள் ஓடுகிற சத்தத்தை ஏரிக்கரையில் நின்று கேட்டு வளர்ந்தவர். அந்தச் சத்தம் அவர் காதுக்குள்ளேயே தங்கிவிட்டது என்று அம்மா சொல்வாள். பொன்னேரிப் பக்கம் ஒரு மூடிக் கிடந்த ரைஸ் மில்லின் பின்னால் அந்த அம்பாசடரைக் கண்டுபிடித்தார். உள்ளே கோழி முட்டையிட்டுக் கொண்டிருந்தது. டயரே இல்லாத வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து வீட்டுக்குப் பின்னால் இறக்கினார்.

அதற்கப்புறம் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அந்த வண்டிக்கே போயின. நைனாவும் அக்கா செல்வியும் எஞ்சினைப் பிரிப்பார்கள். அம்மா பழைய சீட்டைப் பிரித்து, புது நார் அடைத்து, ரெக்சின் தைத்தாள். எனக்குக் கொடுத்த வேலை உப்புத்தாள் தேய்ப்பது. கதவில் பட்டி பார்த்த இடத்தை நான் தேய்த்துத் தேய்த்துப் பள்ளமாக்கி, மறுபடி பட்டி பூச வைத்தேன். எஞ்சின் சாமான்களை மண்ணெண்ணெயில் ஊறப்போட அம்மாவின் பெரிய அலுமினிய அண்டாவை நைனா கேட்காமல் எடுத்துவிட்டார். மூன்று நாள் வீட்டில் பேச்சு இல்லை. கடைசியில் பாட்டில் பச்சை நிறத்தில் வண்டி எழுந்து நின்றபோது முதலில் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தவள் அம்மாதான்.

நைனா ஓட்டுவதில்லை. ஆலையில் தெறித்த நெருப்புத் துணுக்கு ஒன்று அவர் இடது கண்ணைக் கொண்டுபோயிருந்தது. "என் கண்ணு வண்டி பாக்கும், ரோடு பாக்காது" என்பார். அதனால் ஸ்டியரிங்கில் அக்கா. பக்கத்தில் வழி சொல்ல அம்மா. பின்னால் இடது பக்கம் நைனாவும் ஸ்பானர் பெட்டியும், வலது பக்கம் நானும் எலுமிச்சம்பழமும்.

பழைய கார் வைத்திருக்கிற ஆட்கள் சேர்ந்து நடத்திய சின்ன ராலி அது. வேகமாகப் போகிறவர் ஜெயிக்கிற போட்டி என்று நினைத்துவிடாதீர்கள். இந்தப் பாதையில், இந்த வேகத்தில் போக வேண்டும் என்று சொல்லிவிடுவார்கள். முந்தி வந்தாலும் புள்ளி போகும், பிந்தி வந்தாலும் போகும். எங்கே நின்று நேரம் குறிப்பார்கள் என்பது நமக்குத் தெரியாது. அம்மா பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். இத்தனை தலைக்கு இத்தனை அரிசி என்று மனதிலேயே வகுத்துப் பழகியவள். அவள் சொல்கிற வேகத்தில் ஓட்டினால் போதும். வீட்டில் எரிகிற அடுப்பை விட்டு நாங்கள் எட்டி நடந்தாலே பதறுகிற அம்மா, அந்த முன் சீட்டில் வேறு ஆளாகிவிடுவாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சோழவரத்தில் கிளம்பி, பெரியபாளையம் பக்கத்துக் கிராமங்கள் வழியாகச் சுற்றி, கும்மிடிப்பூண்டியில் முடிக்க வேண்டும். எனக்கு வேலை கிடைத்து முதல் மாதம். உடம்பு சரியில்லை, ஞாயிறு ஓவர்டைமுக்கு வர முடியாது என்று சூப்பர்வைசரிடம் பொய் சொல்லிவிட்டு வந்திருந்தேன். இரண்டு இடத்தில் நேரம் பார்த்தார்கள், இரண்டிலும் எங்களுக்கு ஒரு புள்ளிகூடப் போகவில்லை. எப்போதும் எங்களை முந்துகிற திருவள்ளூர் டாக்டர் குடும்பம் ஒரு இடத்தில் கோட்டை விட்டிருந்தது. அம்மாவின் முகத்தில் அது தெரிந்தது.

ஆரணி ஆற்றுத் தரைப்பாலத்துக்கு வந்தபோது அதன்மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கம் நல்ல வெயில். மேலே ஆந்திரா மலைகளில் பெய்த மழை அது. அணையைத் திறக்கப்போகிறார்கள் என்று காலையிலேயே ஆற்றோரக் கிராமங்களில் சொல்லியிருக்கிறார்கள். சோழவரத்திலிருந்து ஓட்டி வந்த எங்களுக்கு அது தெரியாது.

அக்கா வண்டியை நிறுத்தினாள். நைனா இறங்கி, பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்து பார்த்துவிட்டு வந்தார். "கணுக்கால் அளவுதான் கீது. ஆனா கலங்கலா வருது" என்றார். ரேடியேட்டர் விசிறி தண்ணீரை எஞ்சின்மேல் வாரி அடிக்காமல் இருக்க அதன் பெல்ட்டைக் கழற்றி வைத்தார்.

"நைனா, திரும்பி மெயின் ரோடு வழியா பூடலாம்" என்றாள் அக்கா.

அம்மா கையில் இருந்த கடிகாரத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "சுத்தினா அவ்ளோதான், எல்லாம் போச்சு. முன்னாடி போன வண்டிங்க தாண்டித்தானே போயிருக்குது? போ செல்வி."

அக்கா முதல் கியரில் இறக்கினாள். பாலத்தின் இரண்டு ஓரமும் நட்டு வைத்த கற்களின் தலை மட்டும் தெரிந்தது. பாதி தூரம் நன்றாகத்தான் போனோம். பிறகு அந்தக் கற்களில் சில தெரியவில்லை. தூரத்தில் தண்ணீர்மேல் நான் எண்ணெய்க் கறை என்று நினைத்தது வேகமாக நகர்ந்து வந்தது. மெத்தை போல மிதந்துவந்த ஆகாயத்தாமரைக் கூட்டம். அது இடது பக்கம் மோதியது. அதன் பின்னால் ஒரு அலை பானெட்வரை எழும்பியது. எஞ்சின் ஒரு தடவை இருமிவிட்டு நின்றுபோனது.

அந்த அமைதியை என்னால் இப்போதும் சொல்லிக் காட்ட முடியாது. தண்ணீர் கதவுக்கு அடியில் நுழைந்து, புது வேலைக்காக வாங்கிய என் ஷூவைத் தொட்டது. எதிர்க்கரையில் நாலைந்து பேர் கையை ஆட்டிக் கத்தினார்கள். "தண்ணி தொறந்துட்டாங்க! வந்துடுங்க!"

"டிஸ்ட்ரிபியூட்டர் நனைஞ்சிகிச்சு, கரண்ட் போவல. தொடைச்சா எடுத்துக்கும்" என்று நைனா கதவைத் தள்ளினார். வெளியிலிருந்து தண்ணீர் அழுத்தியது, திறக்கவில்லை. கண்ணாடியை இறக்கி, ஒரு காலைத் தூக்கி வெளியே போட்டார். முன் சீட்டில் மண்டி போட்டுத் திரும்பிய அம்மா அவர் சட்டையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். பொத்தான்கள் தெறித்தன.

"எறங்காத! அந்தக் கண்ண வச்சிகினு எங்க எறங்கப் போற?"

"வண்டி போயிடும்டி!"

"போவட்டும்!"

அப்போது வண்டியின் பின்பக்கம் மெல்ல வலது புறமாக நகர்ந்தது. நாங்கள் நான்கு பேரும் அதை உணர்ந்தோம்.

அக்கா முன்னால் பார்த்தபடியே, "நைனா, கியர் போட்டுகினு ஸ்டார்ட்டர் அடிக்கப் போறேன்" என்றாள்.

எஞ்சின் செத்தாலும், கியரில் வைத்து ஸ்டார்ட்டரை அடித்தால் அந்தச் சின்ன மோட்டாரே பழைய வண்டியை இழுத்துக்கொண்டு நகரும். பேட்டரி தாங்கும் வரைதான்.

"மோட்டர் எரிஞ்சிடும்" என்றார் நைனா.

"எரியட்டும். நீ காலை உள்ள வை."

அடித்தாள். வண்டி ஒரு முழம் முன்னால் துள்ளி நின்றது. மறுபடி அடித்தாள். மறுபடி ஒரு முழம். ரோடு எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. "கல்லப் பாத்து சொல்லு!" என்று என்னிடம் கத்தினாள். நான் இடுப்புவரை ஜன்னலுக்கு வெளியே தொங்கி, வலது ஓரத்துக் கற்களைத் தேடினேன். ஒரு கல் சக்கரத்துக்குக் கிட்டத்தட்ட அடியிலேயே இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் ஆறு.

"திருப்பு! அந்தப் பக்கம்!"

"எந்தப் பக்கம்டி? சோத்தாங்கையா, பீச்சாங்கையா?"

இடது வலதெல்லாம் எனக்கு அந்த நேரத்தில் மறந்துபோய்விட்டது. கையைத் தூக்கிப் பார்த்து, எந்தக் கையால் சாப்பிடுகிறேன் என்று யோசித்து, "பீச்சாங்கை! பீச்சாங்கை!" என்று அலறினேன். டிப்ளமோ படித்தவள் நான். அக்கா வளைத்தாள். துள்ளல். இன்னொரு துள்ளல். கருகின வாடை வந்தது. நைனா முன்னால் எட்டி, அக்காவின் தோளில் கை வைத்து, "வுட்டு வுட்டு அடி. கொஞ்சம் ஆற வுடு. ஆங், இப்ப" என்று சொல்ல ஆரம்பித்தார். அம்மா வாய்க்குள் என்னவோ முணுமுணுத்துக் கொண்டிருந்தாள். சாமி பெயர் என்று நினைத்தேன். எதிரில் இருக்கிற தூரத்தைக் கணக்குப் போட்டாளாம், பிற்பாடு சொன்னாள்.

கரை மேடு தொடங்குகிற இடத்தில் ஸ்டார்ட்டர் ஒரேயடியாக அடங்கியது. அதற்குள் முன்சக்கரம் மேட்டைத் தொட்டிருந்தது. கரையில் இருந்தவர்கள் கையோடு கை கோர்த்து இறங்கி வந்தார்கள். என்னை ஜன்னல் வழியாக உருவி எடுத்தவர் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் கையில் பீடி வாசனை அடித்தது. அக்காவை, அம்மாவை, கடைசியாக நைனாவை இழுத்தார்கள். வண்டியின் முன் பம்பரில் கயிறு போட்டு ஒரு பனைமரத்தில் கட்டினார்கள். நாங்கள் கரையில் உட்கார்ந்திருக்கும்போதே தண்ணீர் சீட்டுக்கு மேலே ஏறியது.

கரையோரத்து டீக்கடையில், கிளாஸைத் தொடாமல் அம்மா, "நான்தான் போன்னு சொன்னேன்" என்றாள். நைனா அவளுடைய கிளாஸை எடுத்து, ஆற்றி, அவள் கையில் வைத்தார். அக்கா நனைந்த துணியைப் பிழிந்தபடி, "டாக்டர் வண்டி தாண்டிச்சா?" என்று கேட்டாள். அம்மா முதலில் முறைத்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்து, அந்தச் சிரிப்பிலேயே அழுதுவிட்டாள்.

மறுநாள் தண்ணீர் வடிந்ததும் வண்டியை இழுத்து வந்தோம். சீட்டுக்குள் அடைத்த நார் ஒரு மாதம் நாறியது. நைனா மறுபடி பிரித்தார், மறுபடி மாட்டினார். வண்டி ஓடவும் ஓடியது. அம்மா அதில் கோயிலுக்கு வருவாள், ஆனால் பின் சீட்டில்தான். வழி சொல்கிற ஆள் இல்லாமல் நாங்கள் ராலிக்குப் போகவில்லை. அக்கா கல்யாணமாகி ஓசூர் போனாள். கொஞ்ச காலத்தில் ராலியே நின்றுபோனது. காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் ரோட்டை நிரப்பிய பிறகு, சொன்ன வேகத்தில் சொன்ன நேரத்துக்கு யார் எங்கே போய்ச் சேர முடியும்? திருநின்றவூரில் கல்யாண போட்டோ எடுக்கிற ஒருவர் வந்து அம்பாசடரை வாங்கிப் போனார்.

இந்த வருஷம் நைனாவின் மற்றொரு கண்ணில் புரை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது வேண்டுமென்றே அந்த வழியாக ஓட்டினேன். இப்போது அங்கே உயர்மட்டப் பாலம். நடுவில் வேகத்தைக் குறைத்து, "நைனா, இங்கதான்" என்றேன். அவர் கண்ணாடியை இறக்கி, கைப்பிடிச் சுவருக்கு மேலே எட்டிக் கொஞ்ச நேரம் பார்த்தார். கீழே பழைய தரைப்பாலத்தை உடைத்து அள்ளிவிட்டிருந்தார்கள். ஓரத்துக் கல் ஒன்றுகூட மிச்சமில்லை. மணலும் நாணலும்தான்.

"ஒண்ணும் தெரியலியே" என்றார்.

என் கண்ணுக்கும் ஒன்றும் தெரியவில்லை என்று நான் அவரிடம் சொல்லவில்லை.