வீட்டுக் காலும் வாடகைக் காலும்

ரோவீனா ஸ்ட்ரௌடுக்கு இரண்டு வேலை. பள்ளி நடக்கும் மாதங்களில் மஞ்சள் பேருந்து ஓட்டுவாள். கோடை விடுமுறை விட்டதும் அதே பிள்ளைகளைப் பெற்றோருடன் படகில் ஏற்றிக்கொண்டு சுறா பிடிக்கப் போவாள். தென் கரோலினாக் கரையில் நிற்கும் தண்ணீர்த் தொட்டிக் கோபுரம் கண்ணிலிருந்து மறையும் தூரத்துக்கு ஒருநாளும் போனதில்லை. பேருந்தில் கத்துவார்கள், படகில் வாந்தி எடுப்பார்கள், மற்றபடி ஒரே தொழில்தான் என்பாள்.

கரையோரத்தில் சுறாவைத் தேட வேண்டியதில்லை, இறால் படகைத் தேடினால் போதும். மடி வலையைத் தூக்கி இறாலைப் பொறுக்கிக்கொண்டு மிச்ச மீனைக் கடலில் தள்ளும்போது, சுறாக்கள் பந்திக்கு வந்தது போல் வந்து நிற்கும். ஆனால் எந்த இடத்தில் மடி தூக்குகிறார்கள் என்று வயர்லெஸில் கேட்டால் யாரும் உண்மை சொல்லமாட்டார்கள். வடக்கே இருப்பவன் தெற்கே என்பான். இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. “குட்டிக் கால் இருக்கு” என்று சொல்லிவிட்டால், படகில் குழந்தைகள் என்று அர்த்தம். அதற்குப் பிறகு பொய் கிடையாது. மறுமுனையில் ஒரு கேள்வி மட்டும் வரும்: வீட்டுக் காலா, வாடகைக் காலா? வாடகைக்கு வந்த பிள்ளைகள் என்றால் இடத்தைச் சொல்வார்கள். சொந்தப் பிள்ளைகள் என்றால் படகு வரும்வரை காத்திருந்து, ஒரு கூடை மீனைப் பக்கத்திலேயே கொட்டுவார்கள்.

ரோவீனாவுக்குப் பிள்ளைகள் இல்லை. இத்தனை வருடமாக ஒரே பதில்தான் சொல்லிவந்தாள்.

ஏ.சி. மெக்கானிக் ராய்ஸ் கல்யாணப் பேச்சை எடுத்தபோது, அவனுடைய இரண்டு பெண்களும் சரி என்று சொல்லட்டும், அதை அவர்கள் வாயாலேயே கேட்க வேண்டும் என்றாள். இல்லையென்றால் கல்யாணம் இல்லை. ஆறு வயது டெல்லா அன்றே சொல்லிவிட்டாள். ரோவீனாவின் நாயை அவளுக்குப் பிடிக்கும். பன்னிரண்டு வயது ஜூனி மட்டும் வாய் திறக்கவில்லை. அவளுடைய அம்மா டெக்சாஸில் வேறு குடும்பத்தோடு இருக்கிறாள், ஞாயிறுதோறும் போனில் பேசுவாள்.

ஜூன் மாதத்து வெள்ளிக்கிழமை நால்வருமாகப் படகில் போனார்கள். ராய்ஸ் ஏரியில் மீன் பிடித்து வளர்ந்தவன். தூண்டில் கம்பு வளைந்ததும் வெடுக்கென்று இழுத்தான். நைலான் நரம்பு தொய்ந்தது.

“ரெண்டாவதும் போச்சு” என்றாள் ரோவீனா. “கம்பத் தொடாதேன்னு சொன்னேன்ல? இது வட்டமா வளைஞ்ச முள்ளு. சுறா தானா மாட்டிக்கும். நீ இழுத்தா வாயிலேர்ந்து உருவிக்கிட்டு வந்துரும்.”

“கை கேக்க மாட்டேங்குது.”

“அப்போ அது மேலேயே உக்காரு.”

டெல்லா சிரித்தாள். ஜூனி முன்பக்கத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அதன்பிறகு வெகுநேரம் ஒன்றும் கடிக்கவில்லை. டெல்லா வீட்டுக்குப் போகலாமா என்று கேட்க ஆரம்பித்ததும் ரோவீனா வயர்லெஸை எடுத்தாள்.

“ஆமோஸ், ரோவீனா பேசறேன். குட்டிக் கால் இருக்கு.”

“சொல்லும்மா” என்றார் இறால் படகுக்கார ஆமோஸ். “வீட்டுக் காலா, வாடகைக் காலா?”

பொத்தானை அழுத்தியவள் விட்டுவிட்டாள். ஜூனி திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ராய்ஸ் கடலைப் பார்த்தான்.

“என்ன, காலை எண்ணிக்கிட்டு இருக்கியா?” என்றார் ஆமோஸ்.

“பூரானை ஏத்திட்டா போல” என்று வேறொரு படகிலிருந்து ஒரு குரல் வந்தது.

“அப்படின்னா என்ன, மிஸ் ரோவீனா?” என்றாள் ஜூனி.

ரோவீனா சொன்னாள். எதையும் குறைக்கவில்லை.

“வீட்டுக் கால்னு சொன்னா கூடை கிடைக்கும். சும்மா சொல்லிர வேண்டியதுதானே?”

“மத்த எல்லாத்துலயும் பொய் சொல்லுவோம். இதுல மட்டும் சொல்றதில்ல.”

ஜூனி எழுந்து வந்து கையை நீட்டினாள். ரோவீனா வயர்லெஸைக் கொடுத்தாள்.

“சார், நான் ஜூனி. என் தங்கச்சி வீட்டுக் கால். நான் இன்னும் முடிவு பண்ணல.”

எல்லாப் படகுகளும் கேட்டுக்கொண்டிருந்தன.

“அப்போ அரைக் கூடை” என்றார் ஆமோஸ். “போதுமா?”

“போதும் சார்.”

மணல் திட்டுக்குக் கிழக்கே அவர் காத்திருந்தார். அரைக் கூடையைத்தான் கொட்டினார், ஒரு மீன்கூட அதிகமில்லை. தண்ணீர் கலங்கியது, சுறாத் துடுப்புகள் தெரிந்தன. ராய்ஸ் கைகளைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். டெல்லாவின் கம்பு வளைந்தது. அவள் ரீலைச் சுற்றினாள், கை ஓய்ந்ததும் ஜூனி வாங்கிச் சுற்றினாள். ரோவீனா நரம்பைப் பிடித்துச் சுறாவைப் பக்கவாட்டில் கொண்டுவந்தாள். துடுப்பு நுனி கறுத்த சுறா, டெல்லாவின் நீளம் இருக்கும்.

“வாலுப் பக்கம் தடவு” என்றாள் ஜூனியிடம். “தலையிலேர்ந்து வாலுக்கு. மாத்தித் தடவினா கையைச் சிராய்ச்சிடும்.”

ஜூனி முதலில் சொன்னபடி தடவினாள். பிறகு வேண்டுமென்றே மாற்றித் தடவி, விரலைப் பார்த்துக்கொண்டாள். ரோவீனா முள்ளைக் கழற்றிச் சுறாவை விட்டாள்.

துறைக்குத் திரும்பியதும் ரோவீனா தளத்தைக் கழுவினாள். மற்றவர்கள் வண்டிக்குப் போய்விட்டார்கள். ஜூனி மட்டும் துறைப் பலகையில் நின்றாள்.

“அவர் நாளைக்கும் மடி தூக்குவாரா?”

“சனி ஞாயிறு வர மாட்டார். திங்கட்கிழமைதான்.”

“திங்கட்கிழமைன்னா எனக்குச் சரி” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அது திங்கட்கிழமைக்குச் சொன்ன சரி. ரோவீனா அதை அதற்கு மேல் நீட்டவில்லை, ராய்ஸிடமும் சொல்லவில்லை. திங்கட்கிழமைக்கு யாரும் படகு கேட்டால் இல்லை என்று சொல்லிவிட வேண்டும் என்று மட்டும் நினைத்துக்கொண்டு, குழாயை மூடினாள்.